ரேங்க் பார்த்தீர்கள்... வகுப்பறையைப் பார்த்தீர்களா?

மே மாதம் பிறந்துவிட்டால் போதும், ஜி.எஸ்.டி சாலையின் இரு பக்கமும் இன்ஜினீயரிங் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகள் முளைத்துவிடும். நிறுவனர் படம், தாளாளர் படம், அவருடைய வாரிசின் படம். அதற்குக் கீழே கோட் போட்ட மாணவர்கள் பத்துப் பேர். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் லட்சங்களில் ஒரு தொகை. மூலையில் ஏதோ ஒரு தரவரிசையில் ஏதோ ஓர் எண். தாம்பரத்திலிருந்து திண்டிவனம்வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். பாடம் நடத்தும் ஆசிரியரின் படத்தை அந்தப் பலகைகளில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். நாலு வருஷம் பிள்ளை யாரிடம் படிக்கப்போகிறதோ, அவரை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

கல்லூரிக்காரர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் கேட்பதைத்தான் அவர்கள் காட்டுகிறார்கள். நாம் கேட்பது மூன்றே கேள்விகள். கட் ஆஃப் எவ்வளவு? ரேங்க் என்ன? பேக்கேஜ் எவ்வளவு? இந்தப் பிள்ளைக்கு இந்தக் கல்லூரி சரிப்படுமா என்ற கேள்வி, சீட் கிடைத்து, ஃபீஸ் கட்டி, முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகுதான் பல வீடுகளில் எழுகிறது.

கூட்டம் சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டில் கல்லூரிகளின் உண்மையான தரவரிசைப் பட்டியல் டெல்லியிலிருந்து வருவதில்லை. போன வருஷக் கட் ஆஃப்தான் இங்கே பட்டியல். 2007-ல் நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டதிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. இந்த 200-க்கு எவ்வளவு என்பதில் மாணவருக்கு ஒரு வரிசை எண் விழுகிறது. எந்தக் கல்லூரியில் எந்த மதிப்பெண்ணோடு சீட் முடிந்தது என்பதில் கல்லூரிக்கும் ஒரு வரிசை விழுந்துவிடுகிறது.

ஒரு கல்லூரியில் போன வருஷம் 192-ல் இடம் முடிந்தது என்றால், 192 வாங்கியவர்கள்வரை அதைக் கேட்டு வாங்கினார்கள் என்று பொருள். அவ்வளவுதான். அங்கே பாடம் ஒழுங்காக நடக்கிறதா, லேபில் கருவி வேலை செய்கிறதா என்பது பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த 192 வாங்கியவர்களும் முந்தின வருஷக் கட் ஆஃபைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். ஊர் புதிது, கூட்டம் இருக்கிற ஹோட்டலில் நுழைவோம் என்று போகிறோமே, அந்த மாதிரி. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் கூட்டத்தைப் பார்த்துத்தான் நுழைந்தார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை.

கவுன்சலிங் நாட்களில் விருத்தாசலமோ தென்காசியோ, எந்த ஊர் பிரவுசிங் சென்டருக்கும் போங்கள், ஏறக்குறைய ஒரே காட்சிதான். கம்ப்யூட்டர் முன்னால் சென்டர்க்காரர். பக்கத்து நாற்காலியில் அப்பா. பின்னால், சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் வைத்த பிளாஸ்டிக் ஃபைலைப் பிடித்தபடி பெண். சென்டர்க்காரரிடம் ஓர் எக்ஸல் ஷீட் இருக்கும். போன வருஷக் கட் ஆஃப், மேலிருந்து கீழாக.

"எத்தன காலேஜ்ணே போடலாம்?"

"எத்தன வேணா போடலாம் தம்பி. உங்க பொண்ணு மார்க்குக்கு ரெண்டு மார்க் மேல இருந்து ஆரம்பிச்சு வரிசையா போட்டுரலாம்."

"போட்டுருங்க."

அந்தப் பெண்ணுக்கு எலக்ட்ரானிக்ஸ் பிடிக்குமா, ஹாஸ்டலில் இருக்க முடியுமா, அந்தக் கல்லூரி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அந்த எக்ஸல் ஷீட்டில் கிடையாது. கால் மணி நேரத்தில் 60 கல்லூரிகள் ஏறிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கவுன்சலிங்கின் ஒற்றைச் சாளர முறை மாணவரின் விருப்பத்துக்குத்தான் மரியாதை கொடுக்கிறது. நம் ரேங்க்கின் முறை வரும்போது கணினி நம் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும்; முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அதைத் தரும். கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் அடுத்ததும் போய்விடும் என்ற பயத்துக்கு இங்கே இடமே இல்லை. ஆனால் பெயருக்காக மேலே போட்ட கல்லூரியில் இடம் இருந்துவிட்டால், பிடித்த கல்லூரி ஒரு படி கீழே இருந்தாலும் கணினி அதைத் திரும்பிப் பார்க்காது. ஆகவே கட் ஆஃப் வரிசையில் அடுக்குவதால் ஒரு லாபமும் இல்லை. மனசுக்கு ஏற்ற வரிசையில் அடுக்குவதால் ஒரு நஷ்டமும் இல்லை.

டெல்லியின் எண்

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசை 2015-ல் அறிவிக்கப்பட்டு, முதல் பட்டியல் 2016-ல் வந்தது. இன்ஜினீயரிங் பிரிவில் அன்றிலிருந்து சென்னை ஐ.ஐ.டி-தான் முதலிடம். மதிப்பெண் பிரிப்பு இப்படி: கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 சதவீதம், ஆராய்ச்சிக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20, எல்லாத் தரப்பு மாணவர்களையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, கல்வியாளர்களும் வேலை தருபவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு 10.

ஆராய்ச்சி என்றால் எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், எத்தனை காப்புரிமைகள். ஐ.ஐ.டி-க்கும் பி.ஹெச்டி செய்ய வருபவருக்கும் அது முக்கியம். பி.இ முதல் வருஷம் சேருகிற பையனுக்கு அதனால் என்ன கிடைக்கும்? சில நல்ல துறைகளில் ஒரு புராஜெக்ட், ஓர் இன்டர்ன்ஷிப் கிடைக்கலாம். கட்டுரை எண்ணிக்கைக்காக ஆசிரியர்களை விரட்டுகிற இடமாக இருந்தால் வகுப்பறைதான் அடிவாங்கும். இரண்டுக்கும் அந்தப் பட்டியலில் ஒரே மதிப்பெண்தான்.

இந்தக் கணக்குக்கான தகவல்களில் பெரும்பகுதியைக் கல்லூரிகளே தருகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் நடந்த கதை இது. யு.எஸ். நியூஸ் இதழின் கல்லூரித் தரவரிசைப் பட்டியலில் கொலம்பியா பல்கலைக்கழகம் இரண்டாம் இடம்வரை வந்திருந்தது. 2022-ல் அதே பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், வகுப்பில் எத்தனை பேர் என்பது முதல் ஆசிரியர்களின் தகுதிவரை நிர்வாகம் கொடுத்த கணக்குகள் சரியில்லை என்று எழுதினார். நிர்வாகமும் தவறு நடந்ததை ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுப் பட்டியலில் கொலம்பியா 18-ம் இடத்துக்கு இறங்கியது. வகுப்பறையில் எதுவும் மாறவில்லை. அதே ஆசிரியர்கள், அதே மாணவர்கள், அதே கட்டடம்.

நம் ஊரில் கதை இன்னும் காரம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில், ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது. பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது. ஏட்டில் இருக்கும் ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா என்று பார்ப்பது இனி பெற்றோர் வேலையும்தான்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்ட இன்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. நாடு முழுவதுக்குமான பட்டியலில் நூறு இடங்களுக்குத்தான் தனித்தனி எண். அதற்குக் கீழே கொத்துக்கொத்தாகத்தான் பெயர்கள். 140 கட் ஆஃப் வாங்கிய மாணவர் முன்னால் இருக்கும் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றைப் பற்றி அந்தப் பட்டியல் வாயே திறப்பதில்லை. 195-க்கும் 197-க்கும் நடுவே எந்தக் கல்லூரி என்று யூடியூபில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். 140-க்காரருக்குத்தான் உண்மையில் வழி சொல்ல ஆள் தேவை. அந்த மட்டத்தில்தான் நல்ல கல்லூரிக்கும் மோசமான கல்லூரிக்கும் இடைவெளி பயங்கரமாக இருக்கிறது.

எண்ணை விடுங்கள், தாளைப் படியுங்கள்

ரேங்க்கைத் தூக்கிப் போடச் சொல்கிறேனே தவிர, அதற்காகக் கல்லூரிகள் கொடுத்த தகவல் தாளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. என்.ஐ.ஆர்.எஃப்-க்குக் கொடுத்த விவரங்களைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். மூலையில் எங்காவது பி.டி.எஃப்-ஆகக் கிடக்கும். அதில் ஓர் அட்டவணை உண்டு: முதல் வருஷம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த நாலு வருஷத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் நடுநிலைச் சம்பளம் எவ்வளவு.

உதாரணத்துக்கு, 600 பேர் சேர்ந்த ஒரு கல்லூரியில் 380 பேர்தான் நாலு வருஷத்தில் முடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். மீதி 220 பேர் எங்கே? அரியரோடு இருப்பார்கள், இல்லையென்றால் பாதியில் நின்றிருப்பார்கள். சாலையோரப் பலகையில் இருக்கிற பத்துப் பேரைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த 220 பேரைப் பற்றி யோசியுங்கள். நம் பிள்ளை அந்தப் பத்தில் ஒருவராவதைவிட இந்த 220-ல் ஒருவராவதற்கே வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

நடுநிலைச் சம்பளம் என்பது வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் சம்பளம். 'ஹையஸ்ட் பேக்கேஜ்' ஒரே ஒருவருடையது. சில சமயம் அவர் கல்லூரியின் உதவியே இல்லாமல் தானாகத் தேடிக்கொண்ட வேலையாகவும் இருக்கும். மூன்று ஆஃபர் வாங்கிய ஒருவரை மூன்றாக எண்ணும் பழக்கமும் உண்டு. அதனால் 'எத்தனை ஆஃபர்' என்று கேட்காதீர்கள், 'எத்தனை பேருக்கு' என்று கேளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. உபயோகமான பட்டியல்தான், ஆனால் ஓர் எச்சரிக்கை. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் தயாரித்து, தாங்களே திருத்துகின்றன. அங்கே 95 சதவீதம் என்பதையும், பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் 60 சதவீதத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பொருத்தம் என்றால்...

முதலில் தூரம். நம் வீடுகளில் இதைப் பெரிய விஷயமாகவே எடுப்பதில்லை. 'காலேஜ் பஸ் வாசலுக்கே வரும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காலை 5:45-க்கு ஏறி 8-க்கு இறங்கி, மாலை 4:30-க்கு ஏறி 7 மணிக்கு வீடு. நாளுக்கு நாலே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் பெண் எப்போது படிப்பாள், எப்போது தூங்குவாள்? பக்கத்திலேயே, பத்து மார்க் குறைவான கட் ஆஃபில் ஒரு யோக்கியமான கல்லூரி இருந்தால், அந்த நாலே முக்கால் மணி நேரத்தில் அவள் இன்னொரு படிப்பையே முடித்துவிடலாம்.

அடுத்தது பணம். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கான கல்விக் கட்டணத்துக்கு ஒரு கமிட்டி வரம்பு வைத்திருக்கிறது. பஸ், ஹாஸ்டல், மெஸ், 'ட்ரெயினிங் ஃபீஸ்' எல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நாலு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் அதுவே பதில். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தகுதியுள்ள பிள்ளையை மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

மூன்றாவது, மொழி. தமிழ் வழியில் படித்து 190 வாங்கிய பையன், முதல் செமஸ்டரில் ஐந்து பாடத்தையும் திடீரென்று ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறான். அவன் புத்தியில் கோளாறு இல்லை. பாடம் காதில் விழுந்து மூளைக்குப் போவதற்குள் வகுப்பு முடிந்துவிடுகிறது. சில கல்லூரிகளில் மாலையில் சீனியர்களை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சில கல்லூரிகளில் முதல் அரியர் விழுந்ததும் அப்பாவை வரச் சொல்லி எச்.ஓ.டி ரூம் வாசலில் நிற்க வைக்கிறார்கள். சேரும் முன்பே துறைத்தலைவரிடம், "முதல் செமஸ்டர்ல என் பையன் ரெண்டு பேப்பர்ல போயிட்டா என்ன பண்ணுவீங்க சார்?" என்று கேட்டுவிடுங்கள். பதிலை மட்டும் கேட்காமல், பதில் சொல்லும் முகத்தையும் பாருங்கள்.

கெடுபிடி விஷயத்துக்கு வருவோம். செல்போன் கூடாது, ஆணும் பெண்ணும் பேசக் கூடாது, மாடிப்படிகூடத் தனித்தனி, தாடி வைத்தால் அபராதம். இதையெல்லாம் 'ஸ்ட்ரிக்ட்டான காலேஜ்' என்று பெருமையாகச் சொல்லி, அதற்காகவே ஃபீஸ் கட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். மணி அடித்தால்தான் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு ஓரளவு கட்டுப்பாடு உதவலாம். தானாக எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் அவன் வாடிப்போவான். மாலை ஐந்து மணிக்குப் பிறகு லேப் திறந்திருக்குமா என்று அவன் சார்பில் கேட்க வேண்டியது நீங்கள்தான். கேட்டைப் பூட்டுவதில் கவனமாக இருக்கும் பல இடங்களில் லேபையும் சேர்த்தே பூட்டிவிடுகிறார்கள்.

பாடப்பிரிவு. இப்போது எல்லாருக்கும் சி.எஸ்.இ. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-25-லிருந்து தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ தளர்த்தியதும், கம்ப்யூட்டர் செக்‌ஷன்கள் பெருகின. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. புதிதாகச் சேர்த்த செக்‌ஷன்களுக்குப் பாடம் நடத்த அத்தனை ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? கல்லூரி இணையதளத்தில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். பெயர்களைக் குறித்துக்கொண்டு போய் இரண்டாம் வருஷ மாணவரிடம் காட்டுங்கள். "இவங்க யார்னே தெரியாதே அங்கிள்" என்று நாலு பெயருக்குச் சொன்னால் திரும்பி வந்துவிடலாம். ஒரு பேட்ச்கூட வெளியே வராத புதுப் பெயர்ப் பிரிவுகளுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பிடித்த பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெரிய உதாரணம் அப்துல் கலாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தது குரோம்பேட்டை எம்.ஐ.டி. சி.ராஜம் 1949-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு அப்போது சில வயதுதான். வேறெங்கும் எளிதில் கிடைக்காத விமானப் பொறியியல் அங்கே இருந்தது. பார்வைக்கு நிறுத்தி வைத்திருந்த பழைய விமானங்கள் இருந்தன. சேர்வதற்கான பணத்துக்கு அக்கா ஜோகரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அங்கே தன் சிந்தனையை உருவாக்கியவர்களாகக் கலாம் குறிப்பிடுவது ஸ்பாண்டர், பண்டாலை, நரசிங்க ராவ் என்று மூன்று ஆசிரியர்களை. செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி, 'ஆதித்யா எல்-1' சூரிய ஆய்வுத் திட்டத்தின் இயக்குநர், படித்தது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி; 1981-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் தொடக்க கால மாணவி அவர். ஓரிருவர் ஜெயித்ததால் எல்லாக் கல்லூரியும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். பெயர் இல்லாத கல்லூரியில் சேர்ந்தால் வாழ்க்கை முடிந்தது என்று பயமுறுத்தும் மாமாக்களுக்கு மட்டும் இந்தப் பதில்.

அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. யாருக்கு என்பதுதான் விஷயம். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும், அவ்வளவு பெயரில்லாத கல்லூரிக்குப் போனவர்களை எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் அவர்களின் சம்பளம், பெயர்பெற்ற கல்லூரிக்கே போனவர்களின் சம்பளத்துக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் கூடவே போகிறது. கல்லூரி அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. ஆனால் அந்த ஆய்வில் ஒரு விதிவிலக்கு உண்டு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கல்லூரியின் பெயர் உண்மையிலேயே கைகொடுத்தது. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று பின்னால் அவர்கள் செய்த ஆய்வும் சொன்னது.

தமிழ்நாட்டுக்கு இதில் முக்கியமான செய்தி இருக்கிறது. சென்னையில் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு, சித்தப்பா கம்பெனியில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருவார். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு அப்படி ஒரு சித்தப்பா கிடையாது, கல்லூரிதான் சித்தப்பா. அந்தப் பிள்ளைக்கு கிண்டியிலோ, கோவை ஜி.சி.டி-யிலோ, காரைக்குடி அழகப்பாவிலோ அரசுக் கல்லூரி இடம் கிடைத்தால், மிச்சமாகும் கட்டணம் ஒரு பக்கம், பழைய மாணவர்களின் வட்டம் மறுபக்கம், யோசிக்காமல் போகலாம். அங்கே பெயரும் பொருத்தமும் ஒன்று சேர்ந்திருக்கின்றன. விபரீதம் என்னவென்றால், சித்தப்பா இருக்கிற வீடுகள்தான் பெயருக்காக லட்சங்களை அள்ளிக் கொடுக்கின்றன. இல்லாத வீடுகளோ அந்த லட்சங்களைப் பார்த்துவிட்டு, நிலத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்க் கட்டுகின்றன.

2014-ல் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து அமெரிக்காவில் 30,000-க்கும் அதிகமான பட்டதாரிகளிடம் கேட்டன. வேலையில் ஈடுபாட்டோடு இருப்பவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டது கல்லூரியின் பெயர் இல்லை. தன்மேல் அக்கறை காட்டிய ஓர் ஆசிரியர், படிப்பில் ஆர்வம் மூட்டிய ஒருவர், ஒரு செமஸ்டரோ அதற்கு மேலோ இழுத்துச் செய்த ஒரு புராஜெக்ட், படித்ததைப் பிரயோகித்துப் பார்த்த ஓர் இன்டர்ன்ஷிப். இவற்றில் ஒன்றையாவது நம் பலகைகளில் பார்த்திருக்கிறீர்களா?

அதனால், கல்லூரி வரிசையைப் பதிவு செய்யும் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்குமுன் ஒரு வேலைநாளில், காலை 11 மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் நாலைந்து கல்லூரிகளுக்குப் போய் வாருங்கள். அட்மிஷன் ஆபீஸ் ஏசி ரூமில் உட்காராதீர்கள். கேன்டீனில் ஒரு டீ சொல்லி, பக்கத்து மேசைப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். லேபில் லேத்தில் தூசி படிந்திருக்கிறதா, இரும்புத் துருவல் கிடக்கிறதா என்று பாருங்கள். நூலகத்தில் கடைசியாகப் புத்தகம் எடுத்த தேதி என்ன என்று கேளுங்கள். பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று மகளையே பார்த்து வரச் சொல்லுங்கள். சாய்ஸ் பட்டியலைக் கெடுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கெடு முடிந்து லாக் ஆகிவிட்டால் அந்தச் சுற்றில் மாற்ற முடியாது. பாஸ்வேர்டைச் சென்டர்க்காரரிடம் விட்டுவிட்டு வராமல், வரிசையை உங்கள் பிள்ளையே அடுக்கட்டும்.